பின் இடது சக்கரம்

செவ்வாய்க்கிழமை, காலை

அன்பு மகள் ஸ்பேனருக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே. ஒரு எழுத்து பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் வருகிறது. வரி நேராகத்தான் கிளம்புகிறது. பாதி தூரம் போனதும் வளைவில் தடம் விட்ட வண்டி மாதிரி கீழே இறங்கிவிடுகிறது. பேனாவை அழுத்திப் பிடித்ததில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது. பொறுத்துக்கொள். இத்தனை வருடம் நான் சொல்லச் சொல்ல மாடி வீட்டு டீச்சர்தான் உனக்கு எழுதினார். இந்தக் கடிதம் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை என் கை.

நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடி இருக்கிறது. என்னோடு சண்டை போடும்போது மட்டும் அது தெரிவதில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். தொலைபேசியில் கேட்டதுதானே என்றேன். எழுத்தில் கேட்டால் உண்மையான பதில் வரும் என்கிறாள்.

டீச்சர் நடத்தும் வகுப்பில் நாங்கள் ஆறு பேர். எல்லாருக்கும் மூத்தவன் நான். எட்டு மாதமாகப் போகிறேன். இப்போது கண்ணில் படுவதை எல்லாம் படிக்கிறேன். மருந்துச் சீசா, சோப்பு உறை, சுவரொட்டி எதையும் விடுவதில்லை. கடைக்குக் கூட வரும் அம்மா, "இப்படி ஒவ்வொரு போர்டா நின்னு படிச்சா நாம எப்ப வீடு போய்ச் சேர்றது?" என்று திட்டுகிறாள். போன வாரம் நான் வேலை பார்த்த பஸ் டிப்போ பக்கம் போனேன். டயர் பிரிவு வாசலில் ஒரு பழைய பலகை இருக்குமே, அதை முதல் தடவையாகப் படித்தேன். 'அனுமதி இல்லாதவர்கள் உள்ளே வரக் கூடாது' என்று இருக்கிறது. முப்பத்தொரு வருடம் அதன் கீழேதான் நடந்து உள்ளே போயிருக்கிறேன். நல்ல வேளை, அப்போதே படிக்கத் தெரிந்திருந்தால் முதல் நாளே பயந்து திரும்பியிருப்பேன்.

அங்கே எல்லாரும் உன்னை விசாரித்தார்கள். சின்ன வயதில் அங்கே வந்து எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாயே, இன்னும் ஸ்பேனர் என்றுதான் சொல்கிறார்கள். உன் சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் நினைவில்லை போலிருக்கிறது.

சலூன் செய்தி சொல்கிறேன். உங்கள் கார் பந்தயம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சலூன்காரர் முடி வெட்டுவதில்லை. யாராவது தெரியாமல் வந்து உட்கார்ந்தால், "தலை எங்கயும் ஓடிப் போகாது, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுகிறார். டிவிக்கு எதிரே பெஞ்சு போட்டிருக்கிறார். கண்ணாடி ஓரத்தில் உன் படத்தை ஒட்டி வைத்திருக்கிறார். ஒருத்தரைத் தவிர எல்லாரும் உங்கள் வெள்ளை வண்டி பக்கம். உங்கள் ஓட்டுநர் ஜெயித்தாலும் தோற்றாலும் சிரிப்பதே இல்லை அல்லவா, அதனால் அவருக்கு இங்கே உம்மணாமூஞ்சி என்று பெயர். மஞ்சள் வண்டிக்காரன் எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுவதால் அவன் பல்லழகன். பக்கத்துக் கடை தையல்காரர் ஒருவர்தான் பல்லழகன் கட்சி. அவர் வந்தால் சலூன்காரர் ஓரத்து நாற்காலியைக் காட்டுவார். அதில் ஒரு கால் கிடையாது.

சலூனுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது என் வேலை. வண்டி சக்கரம் மாற்ற வந்து நிற்கும். நாலு சக்கரத்துக்கும் ஆள் உண்டு. நட்டை முறுக்கியதும் கையைத் தூக்க வேண்டும், நாலு கையும் உயர்ந்தால்தான் வண்டி கிளம்பும். மற்ற மூன்று பேரும் வலது கை தூக்குவார்கள், பின் இடது சக்கரத்தில் இருப்பவள் மட்டும் இடது கை தூக்குவாள், அவள் என் மகள். இப்படிச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி போய்விடும். இரண்டு விநாடிதானே. ஒரு பந்தயத்துக்கு ஒரு தடவை, சில நாள் இரண்டு தடவை. இந்த வருடம் முழுக்க உன்னை நான் பார்த்ததைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு டம்ளர் தேநீர் ஆறுகிற நேரம்கூட வராது. அதிலும் தலைக்கவசம் போட்டிருப்பாய். முகம் தெரியாது. அந்தக் கைதான் எங்களுக்கு உன் முகம்.

அம்மா சலூனுக்கு வருவதில்லை, பார்த்தால் படபடப்பு வருகிறதாம். நான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "கை தூக்கினாளா?" என்று அடுப்படியிலிருந்து கேட்பாள். யார் ஜெயித்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்றைக்கு இவ்வளவு போதும். விரல் மரத்துவிட்டது.

வியாழக்கிழமை, காலை

நேற்று எழுதவில்லை. கை வலி என்று அம்மாவிடம் சொன்னேன். கை வலிக்கவில்லை. இனி எழுத வேண்டியதை நினைத்துத்தான் தாளை எடுக்காமல் இருந்தேன்.

மகளே, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதை டீச்சரிடம் சொல்லி எழுத வைக்க முடியாது. நான் எதைச் சொன்னாலும் அவர் கடைசியில் 'மிக்க மகிழ்ச்சியுடன் இருக்கிறோம்' என்று சேர்த்துவிடுவார். தொலைபேசியிலும் முடியாது, நீ சிரித்துவிடுவாய், நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். யாருக்கும் தெரியாத ஒன்றை ஒருத்தருக்கு மட்டும் சொல்ல முடிகிறது என்பதுதான் எழுத்தில் எனக்குப் பெரிய அதிசயமாக இருக்கிறது. இந்த வயதில்தான் எனக்கென்று ஒரு ரகசியம் வைத்துக்கொள்ள முடிந்திருக்கிறது. அது இப்படிப்பட்டதாக இருக்கிறதே என்றுதான் வருத்தம்.

ஆறு மாதம் முன்னால் நீ சொன்னாயே, முதலாளி உங்களை எல்லாம் கூட்டி வைத்துப் பேசினார் என்று. பட்டம் ஜெயித்தால் எல்லாருக்கும் இன்னும் மூன்று வருடம் வேலை, இல்லாவிட்டால் அணியைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று. "ஜெயிச்சா மூணு வருஷம், தோத்தா வீட்டுச் சாப்பாடு. ரெண்டும் எனக்கு லாபம்தான்பா" என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து நான் பல்லழகன் கட்சி.

யாருக்கும் தெரியாது. வெள்ளை வண்டிக்காரர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, உன் படத்துக்குக் கீழே இருந்துகொண்டே, மனதுக்குள் மஞ்சள் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நீ போய் நாலு வருடம் ஆகிறது. நடுவில் ஒன்பது நாள் வந்தாய், அதில் இரண்டு நாள் தூங்கியே கழித்தாய். உன் அறை ஜன்னலுக்கு வெளியே நின்று யாராவது பேசினால்கூட நீதான் என்று நினைத்துவிடுகிறேன். மூன்று வருடம் என்பது உனக்குச் சின்ன விஷயம். எனக்கு இருக்கும் வயதில் அது பெரிய தூரம்.

உன் அறைக் கதவு கிரீச்சிடுமே, அதற்கு எண்ணெய் விட்டேன். ஜன்னல் கொக்கியை மாற்றினேன். எதற்கு என்று அம்மா கேட்டாள், சும்மா என்றேன். மறுநாள் பார்த்தால் உன் மெத்தையை வெயிலில் போட்டிருந்தாள். எதற்கு என்று நான் கேட்டேன். அவளும் சும்மா என்றாள்.

போன பந்தயத்துக்கு வருகிறேன். பதினாறு புள்ளி முன்னால் இருந்தீர்கள். வண்டி உள்ளே வந்து நின்றது. மூன்று கை உயர்ந்துவிட்டது. நான் நாலாவது கைக்குக் காத்திருந்தேன். வரவில்லை. நட்டு கோணலாக ஏறிச் சிக்கிக்கொண்டது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நீ அதைக் கழற்றி மறுபடி போட்டாய். ஒன்பது விநாடி கழித்து உன் கை பாதிதான் உயர்ந்தது. அதற்குள் மஞ்சள் வண்டி தாண்டிப் போயிற்று, பின்னாலேயே இன்னும் ஐந்து வண்டிகள் போயின. சலூனில் எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

என் கை மட்டும் ஒரு தடவை தட்டிவிட்டது, மகளே. நான் தட்டவில்லை, அது தானாகத் தட்டியது என்று எழுத நினைத்தேன். இல்லை, நான்தான் தட்டினேன்.

தையல்காரர் பார்த்துவிட்டார். "என்ன பெருசு, நம்ம கட்சிக்கு வந்துட்டீங்களா?" என்றார். சலூன்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "சும்மா இருய்யா, பெத்த மனசு, அதிர்ச்சியில கை ஆடுது" என்று எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தண்ணீரை நான் குடித்தேன்.

அப்புறம் டிவியில் உன்னைக் காட்டினார்கள். இரண்டு விநாடி இல்லை, ரொம்ப நேரம். இவ்வளவு நேரம் உன்னை நான் இந்த வருடத்தில் பார்த்ததே இல்லை. ஒரு சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தாய். கவசத்தைக் கழற்றவில்லை. இரண்டு கையும் மடியில் கிடந்தன, வேறு யாருடைய கையோ மாதிரி. பக்கத்தில் இருந்தவர் தோளைத் தட்டினார், நீ திரும்பவில்லை. இந்த ஆளைத்தான் நான் வீட்டுக்கு வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேனா என்று எனக்குள் கேட்டது.

வீட்டுக்குப் போனதும் அம்மா வழக்கம்போலக் கேட்டாள். எப்போதும் போலத் தூக்கினாள் என்றேன். அவள் தட்டு வைத்தாள். பிறகு, "பொய் சொல்லும்போது நீங்க காதைச் சொறிவீங்க" என்றாள். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கை தட்டியது உட்பட. திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் தட்டையே பார்த்துக்கொண்டு, "நானும் இந்த ஆறு மாசமா அந்தப் பல்லு தெரியறவனுக்குத்தான் வேண்டிக்கிட்டிருந்தேன்" என்றாள். தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டுவிட்டு, "ஆனா கை தூக்காம மட்டும் அவ வர வேண்டாம்" என்றாள்.

மறுநாள் காலை சலூனில் பத்திரிகை வந்தது. புள்ளிப் பட்டியலை எப்போதும் சலூன்காரர்தான் படிப்பார். அன்றைக்கு என்னிடம் கொடுத்து, "படிக்கத் தெரியும்னு சொல்றீங்களே, படிங்க பார்ப்போம்" என்றார். என் கவலை கொஞ்சம் மறக்கட்டும் என்று செய்திருப்பார். எழுந்து நின்று படித்தேன். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள், தையல்காரர் விசில்கூட அடித்தார். அப்புறம்தான் நான் படித்தது என்ன என்று எல்லாருக்கும் உறைத்தது. மஞ்சள் வண்டி மூன்று புள்ளி முன்னால். நாலு பேர் முன்னால் நான் வாசித்த முதல் பட்டியல், மகளே, அதுவாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் தொலைபேசியில் நீ, "ஒண்ணுமில்லப்பா, ஒரு நட்டு, அவ்வளவுதான்" என்று சிரித்தாய். நானும் ஒண்ணுமில்லம்மா என்றேன். நாம் இரண்டு பேரும் அப்போது காதைச் சொறிந்திருப்போம்.

வெள்ளிக்கிழமை

கடைசிப் பந்தயத்துக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. கடிதம் ஏழெட்டு நாளில் போய்ச் சேரும் என்று தபால்காரர் சொன்னார். அதனால் இன்றே முடித்துவிடுகிறேன்.

உன் வேலையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. உன் இரண்டு விநாடியில் நான் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியைக்கூட எடுத்திருக்க மாட்டேன். டிப்போவில் எனக்குச் சிக்கிக்கொண்ட நட்டுகளை எண்ணினால் ஒரு கோணிப்பை நிறையும். நட்டுக்கு நம் மேல் கோபம் எதுவும் கிடையாது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நான் கை தட்டியதை மன்னித்துவிடு. மன்னிக்கத் தோன்றாவிட்டால் அதையும் எழுது, இப்போதுதான் எனக்குப் படிக்கத் தெரியுமே. நான் கட்சி மாறிவிட்டேன். சலூன்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசிப் பந்தயத்தன்று மட்டும் ஓரத்து நாற்காலியில்தான் உட்கார வேண்டும் என்று தண்டனை கொடுத்திருக்கிறார். தையல்காரருக்கு அதில் ஏக சந்தோஷம். அம்மாவும் அன்றைக்குச் சலூனுக்கு வருகிறேன் என்கிறாள். படபடப்பு வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்வாளாம், அப்போது தட்டவும் முடியாதாம்.

மூன்று கை உயர்ந்ததும் நாங்கள் நாலாவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். தூக்கு, மகளே. வண்டி போகட்டும். எவ்வளவு தூரம் போக வேண்டுமோ அவ்வளவு தூரம் போகட்டும். உன் அறைக் கதவு எண்ணெய் விட்டபடியே இருக்கும், எந்த வருடம் தள்ளினாலும் சத்தம் போடாது.

அடுத்த வாரமும் எழுதுகிறேன், இன்னும் கொஞ்சம் நேராக. ஒரு கட்டு உறை வாங்கி வைத்திருக்கிறேன். பந்தயம் முடிந்த மறுநாளும், அதற்கு அடுத்த வாரமும், அதற்கும் அடுத்த வாரமும், இதே முகவரிக்கு நான் உனக்குக் கடிதம் எழுதும்படியே ஆகட்டும்.

உன்
அப்பா