கழுவி வைத்த தங்கம்

ஐதராபாத்,
2.12.2001

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு, பல்லவி வணக்கத்துடன் எழுதுவது. இருமல் தணிந்ததா? மாரிகுப்பத்து விடியற்கால ரயிலில் வேலைக்குப் போகும்போது காதுக்குத் துண்டு கட்டிக்கொள்கிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன், கொஞ்சம் அசதிதான்.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் தங்கம் பூசிய கண்ணாடித் துண்டின்மேல் டி.என்.ஏ. இழைகளை ஒட்டிவைப்போம். மின்புலம் கொடுத்தால் புரதம் அந்த இழையைப் பிடிக்க வேண்டும். திசையைத் திருப்பினால் விட வேண்டும். என்னுடையதில் மட்டும் நான்கு மாதமாக விடவே இல்லை. காரணம் இப்போதுதான் தெரிந்தது. ஒரு துண்டை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டுமாம். நான் கழுவிக் கழுவி மறுபடி எடுத்திருக்கிறேன். பழைய புரதம் தங்கத்திலேயே ஒட்டிக் கிடந்திருக்கிறது.

“ஏண்டி, உங்கப்பா தோண்டின தங்கமா இது, இப்படிக் காப்பாத்தறே?” என்றார் சென்னை சீனியர் மம்தா. நந்திதுர்க் தங்கச் சுரங்கம் மூடும்வரை நீங்கள் அங்கே வேலை பார்த்ததை அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

“இன்னாக்கா பண்றது, குப்பையில போட மனசு வரலியே” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பேராசிரியர் திட்டவில்லை. இதுவரை எடுத்த அளவீடுகளையெல்லாம் தள்ளிவிட்டு, முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். பிப்ரவரிக்குள் முடித்தால்தான் வேலை நீடிக்கும். அதனால் பொங்கலுக்கு வர முடியாது அப்பா. அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

அம்மாவின் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள், போர்வை போதவில்லை. அடுத்த ஞாயிறு காலை ரிச்சர்ட் அண்ணன் கடை போனுக்குக் கூப்பிடுகிறேன். இருவரும் வந்து நில்லுங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

தங்கள் மகள்,
பல்லவி