முன் சீட்டும் மூக்கம்மாள் மதினியும்

3 ஜூன் 1957

நேற்று இட்லிக்கு உளுந்து நனைக்க மறந்துவிட்டேன். இன்று மதியம் வரை இந்த வீட்டில் அதுதான் பெரிய செய்தி. மூக்கம்மாள் மதினி அதைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வரலாம் என்று கிளம்பும்போது வாசலில் ஒரு ஆம்புலன்ஸ் வந்து நின்றது. யாருக்கு என்ன ஆச்சோ என்று ஓடினேன். உள்ளேயிருந்து இறங்கியது என் வீட்டுக்காரர், பல்லெல்லாம் தெரிய.

மதுரையில் ஏலத்தில் எடுத்தாராம். யுத்தத்தில் அமெரிக்காக்காரன் பட்டாளம் ஓட்டிய வண்டி. பின்னால் இரண்டு பக்கமும் ஸ்ட்ரெச்சர் மாட்டும் சட்டம் இருக்கிறது. அதில் மெத்தை போட்டால் படுக்கை. மூலையில் ஸ்டவ் வைக்க இடம். "சீசனுக்குக் குத்தாலம் போனா ரூமுக்கு எவன் கால்லயும் விழ வேண்டாம் பாரு. வீட்டையே ஓட்டிட்டுப் போயிருவோம்" என்கிறார். தென்காசியிலிருந்து குற்றாலம், சாப்பிட்டது செரிக்க நடந்துபோகிற தூரம். அதற்கு ஒரு வீடு! பாத்திரக்கடை வைத்து வைத்து இவர் தலையும் குடம் மாதிரி ஆகிவிட்டது. தட்டினால் நல்ல சத்தம் வரும்.

ஒரு விசேஷம், இதற்கு ஸ்டியரிங் இடது பக்கம். நம்ம ஊர் வண்டிகளுக்கெல்லாம் வலது பக்கம். ஆகவே ஓட்டுகிறவர் ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து புளியமரங்களை ரசிக்கலாம். எதிரே வருவது லாரியா எமனா என்று தெரிவது வலது பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத்தான். முன்னால் போகிற மாட்டு வண்டியைத் தாண்ட வேண்டுமானால் இவர் "போலாமா?" என்று கேட்க, வலது சீட்டு பதில் சொல்ல வேண்டும். திரும்ப, நிறுத்த, ஜன்னல் வழியே கை காட்டுவதும் அந்தச் சீட்டின் வேலை.

அது ஒற்றை இரும்புச் சீட்டு. நான் வண்டியைச் சுற்றிப் பார்த்து முடிப்பதற்குள் மதினி வெற்றிலைப் பெட்டியோடு ஏறி அதில் உட்கார்ந்துவிட்டாள்.

9 ஜூன்

குற்றாலம் போனோம். நான் பின்னால், சட்டியோடும் பானையோடும். முன்னாலும் பின்னாலும் பேசிக்கொள்ள ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது, அவ்வளவுதான். படுக்கையில் உட்கார்ந்து போனால் ரோடு நம்மை விட்டு ஓடுகிறது. மேலகரம் வருமுன் வாந்தி எடுத்தேன், புது அண்டாவில். கடைக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அதற்கும் பேச்சு.

மதினி இவருடைய அக்கா. புருஷன் போனபின் தம்பி வீட்டுக்கு வந்தவள். எனக்கு முன்பே வந்தவள், அதனால் இந்த வீட்டின் மூத்த குடி. குழம்புக்குப் புளி எவ்வளவு, இவருக்குச் சட்டை எந்த நிறம், நான் எத்தனை நாள் பிறந்த வீட்டில் இருக்கலாம், எல்லாம் அக்கா உத்தரவு. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து என் பேச்சைக் கேட்டு இவர் ஒரு துரும்பை நகர்த்தியது கிடையாது.

எனக்கு அந்தச் சீட்டு வேண்டும். அதில் உட்கார்ந்து நான் "போங்க" என்று சொல்ல வேண்டும், இவர் போக வேண்டும். ஒரே ஒரு தடவை. வேறு நகை நட்டு வேண்டாம்.

10 ஜூன்

கேட்டேன். "அக்கா பெரியவ. நீ முன்னால உக்காந்தா ஊரு என்ன சொல்லும்?" என்றார். அக்கா பின்னால் உட்கார்ந்தால் அக்கா என்ன சொல்லுவாள் என்பதுதான் பயம். ஊர் மேல் ஏன் பழி?

16 ஜூன்

சொக்கம்பட்டியில் ஒரு கல்யாணம். கடையநல்லூர் தாண்டி முன்னால் ஒரு வில்வண்டி. "அக்கா, போலாமா?" என்றார். "தாராளமாப் போ தம்பி" என்றாள் மதினி. போனால் எதிரே புளியங்குடி எலுமிச்சம்பழ லாரி, மலை மாதிரி.

லாரிக்காரன் புண்ணியவான், பள்ளத்தில் இறக்கினான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மூட்டை இரண்டு அவிழ்ந்து ரோடு முழுவதும் பழம் உருண்டது. மற்றவர்கள் திருஷ்டி கழிக்க டயருக்கு அடியில் ஒரு பழம் வைப்பார்கள். நாங்கள் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. லாரிக்காரன் வலது பக்கம் உட்கார்ந்திருந்தவர்தான் டிரைவர் என்று நினைத்து நேரே மதினியிடம் வந்தான். "ஏ ஆச்சி, வண்டி ஓட்டுத வயசா இது?" என்று கேட்டான். நான் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். மதினியோ, "அவன் எங்கருந்துலே வந்தான்?" என்று கேட்டபடியே இருந்தாள். புளியங்குடியிலிருந்துதான், வேறு எங்கிருந்து?

19 ஜூன்

இரண்டு பெண்களுக்கும் நடுவில் மாட்டிய மனுஷன் கண்டுபிடித்த வழி, சீட்டை மாற்றுவது. ஹபீபுல்லா மேஸ்திரி பட்டறையில் அந்த இரும்புச் சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உடைத்துப் போட்ட ஒரு பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் உட்காரும் சீட்டை எடுத்து வைத்தாயிற்று. "அண்ணாச்சி, சீட்ட மாத்திட்டேன். அதுல உக்காருத ஆளுகள என்னால மாத்த முடியாது" என்றாராம் மேஸ்திரி. வீட்டில் வந்து இவரே சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு அக்கா முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

மதினிக்கு ஜன்னல் ஓரம். எனக்கு நடு.

23 ஜூன்

தெய்வம் உண்டு!

நடுவில் உட்கார்ந்தால் கியர் கம்பி முழங்காலுக்கு நேரே வருகிறது. இவர் இரண்டாவது கியர் போடும்போதெல்லாம் கை என் தொடையில் வந்து இடித்தது. தென்காசிக் கடைத்தெருவில் ஆடு, மாடு, ஆள், எல்லாவற்றுக்கும் இரண்டாவது கியர்தான். ஐந்தாறு தடவை பொறுத்த மதினி, "ஏலே, நடுத்தெருவுல என்னலே சரசம்?" என்று ஒரு சத்தம் போட்டாள். இவர் காது சிவந்துவிட்டது. வண்டியை நிறுத்தச் சொல்லி, என்னை எழுப்பி, தானே நடுவில் உட்கார்ந்தாள்.

ஜன்னல் எனக்கு! நான் வாயே திறக்கவில்லை. ஒழுக்கம் ஜெயித்தது.

இலஞ்சி விலக்கில் இவர், "போலாமா?" என்றார். ரோடு துடைத்து வைத்தது போல் இருந்தது. "போங்க" என்றேன். போனார். அந்த இரைச்சலில் யார் சொன்னது என்று கவனித்திருக்க மாட்டார். இருக்கட்டும். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

26 ஜூன்

கையைப் பற்றிப் புகார் வந்துவிட்டது. சீட்டின் வேலை என்று நான் ஜன்னல் வழியே கை காட்டினேன் அல்லவா? கடைக்கு வந்த ஒருவர், "ஒங்க வீட்டம்மா லாரிக்காரனுக்கெல்லாம் கையக் காட்டுதாகளே" என்றிருக்கிறார். மதினி தீர்ப்பு: இவருடைய முழுக்கைச் சட்டையின் வலது கையை மட்டும் நான் மாட்டிக்கொள்ள வேண்டும். வெளியே பார்த்தால் ஆம்பிளைக் கை. மீதிச் சட்டை முதுகில் தொங்கும். சிரிக்காமல் செய்தேன், எனக்குச் சீட்டு முக்கியம்.

30 ஜூன்

நான் "நில்லுங்க" என்றேன். மதினி "போ" என்றாள். இவர் போனார். ஒரு கன்றுக்குட்டி துள்ளிக் குதித்துத் தப்பித்தது. கேட்டால், "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்கிறார். கன்றுக்குட்டிகிட்ட கேட்டுப் பாருமய்யா! நான் என்ன மனுஷியா, ஜன்னல்ல தொங்குத சட்டையா?

இனி இவரிடம் பேச்சு இல்லை.

6 ஜூலை

பேசவில்லை. சாரல் நன்றாக இருக்கிறது என்று மறுபடி குற்றாலம் கிளம்பினோம். மதினி நடுவில் தூங்கிவிட்டாள். முன்னால் ஒரு வைக்கோல் வண்டி. "போலாமா?" என்றார். நான் மலையைப் பார்த்தேன். "ஏட்டி, ஒன்னத்தான்." மேகம் அழகாக இறங்கியிருந்தது. பின்னால் பஸ், அதன் பின்னால் இரண்டு கார், ஒரே ஹாரன் சத்தம். இவர் கழுத்தை என் மடி வரை நீட்டி எட்டிப் பார்க்கிறார், வைக்கோல்தான் தெரிகிறது. குற்றாலம் வரை மாட்டு வேகம். வைக்கோல் வண்டிக்காரன் தனக்குத்தான் ஊர்வலம் என்று நினைத்திருப்பான்.

7 ஜூலை

பேரருவியில் பெண்கள் பக்கம். எண்ணெய் தேய்த்து நின்ற மதினி, "இங்கன குனி ஏட்டி, சீயக்கா வைக்கேன்" என்றாள். ஏதோ புது அக்கறை என்று திரும்பினால், பக்கத்தில் நின்ற யாரோ ஒரு சாத்தூர்க்காரி தலையைப் பிடித்து அமுக்கித் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்! அந்த அம்மா திமிறி, "யாரும்மா நீங்க?" என்று அலற, "ஏன்ட்டி ஒன் கொரலு இப்பிடி ஆயிட்டு?" என்கிறாள் மதினி.

சிரித்தேன். சிரித்து முடித்தபோது மதினி அருவியைப் பிடித்துக்கொள்வதுபோல் கையை நீட்டித் துழாவிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உறைத்தது. அவளுக்குக் கண் தெரியவில்லை.

பாறையில் உட்கார வைத்துக் கேட்டேன். ஒரு வருஷமாகப் புகை மூட்டம் போல் இருக்கிறதாம். முன்னால் உட்கார்ந்தால்தான் கொஞ்சம் வெளிச்சமாவது தெரிகிறதாம். "தம்பிகிட்ட சொல்லிராத தாயி. கண்ணு போனவள எவன் மதிப்பான்? மூலையில உக்கார வச்சு, தட்டுல சோத்தத் தள்ளிவிடுவிய" என்றாள்.

தாயி! என்னை! நாக்கு நுனி வரை வந்த பதிலை விழுங்கிவிட்டேன்.

8 ஜூலை

சொன்னால் சீட்டும் எனக்கு, பேச்சும் எனக்கு. ஒரு வார்த்தை போதும். ராத்திரி முழுக்க அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு புரண்டேன். சொல்லாமல் விட்டால் அடுத்த எலுமிச்சம்பழம் நாங்கள்தான்.

மூலையில் உட்கார்ந்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டில் இத்தனை வருஷம் வேறு எங்கே உட்கார்ந்தேன்? அதனால்தான் சொல்ல மனசு வரவில்லை என்று நினைக்கிறேன். நல்லவள் என்றெல்லாம் இல்லை.

10 ஜூலை

ஒப்பந்தம் ஆயிற்று. ரோட்டை நான் பார்ப்பேன். மதினி தொடையில் ஒரு கிள்ளு என்றால் "போ". இரண்டு என்றால் "நில்லு". வாய் அவளுடையது. ஆடி முடிந்ததும் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்ட வேண்டும்.

"கண்ண வெட்டுவானாமே?" என்றாள்.

"வெட்டாமப் பின்ன, தடவியா குடுப்பான்?" என்றேன்.

"ஒனக்கு வாய் ஜாஸ்திட்டி."

"கண்ணும் எனக்குத்தான் ஜாஸ்தி, மதினி."

சிரித்தாள். என்னிடம் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

21 ஜூலை

நன்றாக நடக்கிறது. பண்பொழி போய் வந்தோம், ஒரு பிசகு இல்லை. "பாத்தியா, அக்கா கண்ணு பருந்துக் கண்ணு. நீயும்தான் இருக்க, ஜன்னல்ல உக்காந்து வேடிக்க பாத்துக்கிட்டு" என்கிறார்.

எனக்குப் பற்றி எரிகிறது. இப்போது இவர் என் பேச்சைத்தான் கேட்கிறார், ஒவ்வொரு திருப்பத்திலும். கேட்கிறார் என்பது மட்டும் இவருக்குத் தெரியாது.

28 ஜூலை

வண்டிக்குள் கொசு. மதினியைத் தொடையில் கடித்தது. "போ தம்பி!" என்று கத்தினாள். எதிரே செங்கோட்டை பஸ். நான் கிள்ளு, குத்து, அடி எல்லாம் சேர்த்துக் கொடுத்ததில் மதினி "நில்லு நில்லு நில்லு" என்று அலறி, இவர் பிரேக்கைப் போட்டு, வெற்றிலைப் பெட்டி கண்ணாடியில் மோதி... "அக்கா, என்னக்கா இது, போன்னுத, நில்லுன்னுத?" என்கிறார். மதினி கூசாமல், "ஒன் பொண்டாட்டி இடிச்சிட்டா" என்றாள்.

இடித்தேன்தான்.

18 ஆகஸ்ட்

ஆடி முடிந்தது. மதினி தானே வாய் திறந்தாள். கண்ணில் "லேசா உறுத்தல்" என்று. லேசா! இவர் பதறிப்போய் நாளைக்கே ஆஸ்பத்திரி என்கிறார். ராத்திரி மதினி அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வெற்றிலையைத் தடவிச் சுண்ணாம்பு வைத்து என்னிடம் நீட்டினாள். சுண்ணாம்பு அதிகம், வாய் வெந்துவிட்டது. மென்றேன். அவளுக்குப் பயம் என்று தெரிந்தது. எனக்கும்தான்.

23 ஆகஸ்ட்

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. தலையை அசைக்கக் கூடாதாம். வாயை அசைக்கலாமாம். அசைக்கிறாள்.

1 செப்டம்பர்

மதினியை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். இரண்டு கண்ணிலும் கட்டு. பின்னால் மெத்தையில் படுக்க வைத்து, பக்கத்தில் உட்கார நான் ஏறினேன். "எனக்கு ஒருத்தரும் வேண்டாம். நீ முன்னால போ" என்று விரட்டினாள். பஸ் சீட்டில் நான் மட்டும், அகலமாக, ஒரு சட்டைக் கையை மாட்டிக்கொண்டு.

பாவூர்சத்திரம் தாண்டி ஒரு வாழைத்தார் வண்டி. இவர் பழக்கத்தில் என் பக்கம் தலையைத் திருப்பி, "அக்கா, போலாமா?" என்றார். பின்னாலிருந்து சின்ன ஜன்னல் வழியே மதினி குரல் வந்தது.

"ஏலே, கண்ணக் கட்டிக்கிட்டுக் கெடக்கவகிட்ட என்னத்தலே கேக்க? அவகிட்ட கேளு."

"அவளுக்கு என்னக்கா தெரியும்? நீ சொல்லுத மாதிரி வருமா?"

"நான் எங்கலே சொன்னேன்? எனக்கு ஒரு வருசமா ஒண்ணும் தெரியாது. ஆடி பூரா அவ கிள்ளினா, நான் கத்தினேன். என் தொடையில வந்து பாரு, கன்னிப்போய்க் கெடக்கு."

வண்டி வாழைத்தாருக்குப் பின்னால் ஊர்ந்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் நிறைந்து ரோடு மங்கலாகிவிட்டது. இந்தச் சீட்டில் அது ஆகாது என்று சட்டைக் கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டேன்.

"புஷ்பம்" என்றார். அப்புறம், கொஞ்சம் தயங்கி, "போலாமா?"

தூரத்தில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. "இருங்க" என்றேன்.

இருந்தார்.

பஸ் எங்களைக் கடந்து போனது. "இப்பப் போங்க" என்றேன்.

போனார்.