மீட்டரில் ஏறாத தூரம்

மாமா,

நேற்று என் மகனுடைய புது மோட்டார் சைக்கிளை எண்ணெய் மாற்ற நான்தான் எடுத்துப்போனேன். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. மீட்டர் ஐந்நூறைத் தொட இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தது. "அடுத்த வாரம் பாத்துக்கலாம்ப்பா" என்றவனிடம் நான் போட்ட சத்தத்தில் மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எண்ணெய் மாற்றுவதற்கா இவ்வளவு கோபம் என்று இருவரும் நினைத்திருப்பார்கள்.

மெக்கானிக் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றினார். சூடான எண்ணெய் தகர டப்பாவில் விழுந்தது. அந்த வாசனை முகத்தில் அடித்தது. "மொத தபா இல்லியா, கொஞ்சம் தூளு வரும் சார், பயப்படாதீங்க" என்று அதை விரலில் தொட்டுக் காட்டினார். வெயிலில் மினுமினுத்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். "இன்னா சார், ஒடம்பு சரியில்லியா?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றை நாற்பது வருடத்துக்கும் மேலாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது எழுதுகிறேன். படிக்க நீங்கள் இல்லை என்பதால்தான் எழுத முடிகிறதோ என்னவோ.

எழுபதுகளின் தொடக்கம் அது. அக்காவை உங்களுக்குக் கட்டிக்கொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வாலாஜாபாத் கால்நடை ஆஸ்பத்திரியில் நீங்கள் கம்பவுண்டர். ஊர் உங்களை மாட்டு டாக்டர் என்றுதான் கூப்பிட்டது. கன்று போட முடியாமல் ஒரு மாடு கிடக்கிறது என்று ஆள் வந்தால், மருந்துப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு எட்டு மைல், பத்து மைல் மிதிப்பீர்கள். கல்யாணத்தின்போதே அப்பா உங்களுக்காக ஒரு மோட்டார் சைக்கிளுக்குப் பதிவு செய்திருந்தார். அந்தக் காலத்தில் வண்டி கேட்டவுடன் வராது. எங்கள் வீட்டுத் தறிகளில் எத்தனையோ முகூர்த்தப் புடவைகள் ஏறி இறங்கிய பிறகு, ஓர் ஆனி மாதக் கடைசியில் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. வண்டி தயார்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. நண்பனின் வண்டியில் ஓட்டிப் பழகியிருந்ததால் அப்பா என்னை அனுப்பினார். கடையில் இருந்தவர் வண்டியைக் கொடுக்கும்போது நிறுத்தி நிதானமாகச் சொன்னார். புது இன்ஜினுக்குள் இரும்பும் இரும்பும் உரசிப் பழகும், அந்தத் தூள் முழுக்க எண்ணெயில்தான் இறங்கும், அதனால் முதல் ஐந்நூறு கிலோமீட்டரில் அந்த எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், அதுவரை நாற்பதைத் தாண்டக்கூடாது. நான் தலையாட்டினேன். காஞ்சிபுரம் வந்து சேரும்வரை நாற்பதைத் தாண்டவும் இல்லை. மீட்டரில் எழுபத்தாறு.

மறுநாள் நீங்கள் வந்து எடுத்துப் போயிருந்தால் எதுவும் நடந்திருக்காது. "ஆடி பொறக்கப் போவுது. ஆவணியில நல்ல நாள் பாத்து மாப்பிள்ளைக்குக் குடுக்கலாம்" என்றார் அப்பா. ஒரு மாதத்துக்கு மேல் அந்த வண்டி எங்கள் வீட்டு நடையில் நின்றது. சாவி என் கையில் இருந்தது.

முதல் இரண்டு நாள் துடைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், முன் சக்கரத்தின் பக்கத்தில் மீட்டர் கம்பியைப் பிடித்திருந்த நட்டைக் கழற்றினேன். கழற்றிவிட்டால் முள் எழாது, எண்ணும் ஓடாது என்று நண்பன் சொல்லிக் கொடுத்திருந்தான். அப்பாவிடம், "தினமும் ஸ்டார்ட் பண்ணலைன்னா இன்ஜின் கெட்டுடும்" என்றேன். அவர் நம்பினார். காலையில் தறிச் சத்தம் தொடங்குவதற்கு முன் கிளம்பிவிடுவேன். செங்கல்பட்டு, அரக்கோணம், ஒரு நாள் வேலூர் வரைக்கும். காலியான சாலையில் கை முறுக்காமல் இருக்குமா? பின்னால் நண்பன் உட்கார்ந்து "இன்னும், இன்னும்" என்று கத்துவான். பெட்ரோல் போட்டேனே தவிர எண்ணெயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆடி முடிவதற்குள் எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டியிருப்பேன். பிறகு கம்பியை மாட்டிவிட்டேன். மீட்டர் எழுபத்தாறிலேயே நின்றது.

ஆவணியில் கச்சபேஸ்வரர் கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை போட்டோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும் அக்கா கைகொட்டிச் சிரித்தாள். நீங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தீர்கள். எண்ணெய் மாற்றுவதைப் பற்றிய வரியில் பென்சிலால் கோடு போட்டிருந்தீர்கள்.

"மச்சான், இதுல ஐநூறுல மாத்தணும்னு போட்டுக்கிது. இப்ப எழுபத்தாறு. அப்ப இன்னும் நானூத்தி சொச்சம் ஓட்டலாம், அப்படித்தானே?"

அந்த நிமிடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, மாமா. இப்போதே மாற்றிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால், ஏன் என்று கேட்பீர்கள். அப்பா பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஆமா மாமா. ஐநூறுல மாத்துனா போதும்" என்றேன்.

அதற்குப் பிறகு நீங்கள் அந்த வண்டியை ஓட்டிய அழகை வாலாஜாபாத்தே பேசியது. சைக்கிள்காரன் உங்களை முந்திப் போவான். "மாட்டு டாக்டர் வண்டிய ஓட்டல, மேச்சிக்கினு போறாரு" என்று அரிசி மில் ஆட்கள் கிண்டல் செய்வார்களாம். நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்து, தினமும் மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துவந்தீர்கள்.

நானூற்று எண்பது ஆனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு காஞ்சிபுரத்துக்குக் கிளம்பினீர்கள். எண்ணெய் மாற்றத்தான். வீட்டில் அம்மா உங்களுக்காகக் கோழிக் குழம்பு வைத்திருந்தாள். ஐயம்பேட்டையைத் தாண்டியதும் இன்ஜின் உள்ளுக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது. பின் சக்கரம் அப்படியே நின்றுவிட, வண்டி இழுத்துக்கொண்டு போய்ச் சாய்ந்தது. உங்களுக்கு முழங்காலிலும் முழங்கையிலும் தோல் உரிந்தது. அக்கா இடது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. வயலில் இருந்தவர்கள் மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது அக்கா அழவில்லை. நீங்கள்தான் அழுதுகொண்டிருந்தீர்கள்.

மறுநாள் பட்டறையில் மெக்கானிக் எண்ணெயை வடித்தபோது நானும் உங்களோடு நின்றேன். கொஞ்சம்தான் வந்தது. கன்னங்கரேல் என்று இருந்தது.

"இது ஐநூறுகூட ஓடாத எண்ணெயா? எனக்கு நம்பிக்கை இல்ல சார். ஆயிரத்துக்கு மேல, அதுவும் வெரட்டி ஓட்டுன வண்டி மாதிரி இருக்குது. பாருங்க, தூளு எப்படி மின்னிக்கினு இருக்குது."

நீங்கள் அவசரமாக நோட்டை எடுத்துக் காட்டினீர்கள். "இல்லீங்க, நான் தினமும் எழுதி வெச்சிருக்கேன். நாப்பதுக்கு மேல போனதே இல்ல."

மெக்கானிக் நோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பயத்தில் நான் முந்திக்கொண்டேன்.

"மாமாவுக்கு கியர் மாத்த சரியா வராதுங்க. ரெண்டாவது கியர்லயே இழுத்துக்கினு போயிருப்பாரு. அதான் சூடாகி எண்ணெய் கருகியிருக்கும்."

அன்று உண்மையைச் சொல்லாமல் விட்டது ஒரு தப்பு என்றால், இது வேறு தப்பு. பழி உங்கள்மேல் விழும் என்று தெரிந்தே சொன்னேன். நீங்கள் என் பக்கம் திரும்பி, "அப்படியும் இருக்கும் மச்சான்" என்றீர்கள். உங்கள் குரலில் சந்தேகமே இல்லை. வண்டி விஷயத்தில் எனக்குத் தெரிந்த அளவு உங்களுக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டீர்கள்.

அன்று மாலை அப்பாவின் முன்னால் கைகட்டி நின்றீர்கள். "ஆசையா குடுத்தீங்க மாமா. நான் கெடுத்துட்டேன். உங்க பொண்ணு கையையும் ஒடச்சிட்டேன்." அப்பா உங்களைத் தட்டிக்கொடுத்து, ரிப்பேர் செய்து தருகிறேன் என்றார். நீங்கள் கேட்கவில்லை. "எனக்கு அந்த யோகம் இல்ல. மச்சான் கிட்டயே இருக்கட்டும், அவன்தான் பக்குவமா வெச்சிப்பான்" என்றீர்கள்.

ரிப்பேர் முடிந்து வண்டி எனக்கு வந்தது. பதினோரு வருடம் ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் தேதி தவறாமல் எண்ணெய் மாற்றினேன். தெருவில் யார் புது வண்டி வாங்கினாலும் என்னிடம் கேட்கும் அளவுக்குப் பெயர் வாங்கினேன்.

நீங்கள் பழையபடி சைக்கிளுக்குப் போனீர்கள். ரிட்டயர் ஆகும்வரை சைக்கிள்தான். ஆபீசில் மொபெட் வாங்கக் கடன் தந்தபோதும் வேண்டாம் என்றீர்கள். மாகறல் பக்கம் ஒரு மாட்டைப் பார்த்துவிட்டு வெயிலில் மிதித்து வந்து, வீட்டுப் படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவீர்கள். உங்கள் மகன் வளர்ந்து வண்டி வாங்கியபோது, "எங்கப்பாவுக்கு வண்டி ஆகாது, ஐநூறு கிலோமீட்டர்ல இன்ஜினையே முடிச்ச ஆளு" என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பான். நீங்களும் சிரிப்பீர்கள். நானும் அந்தச் சிரிப்பில் சேர்ந்திருக்கிறேன்.

அக்காவின் மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகவே கூடிவிட்டது. பட்டு இழை சுற்றுவாள், சமைப்பாள். ஈரப் புடவையை மட்டும் பிழிய முடியாது. நீங்கள் பிழிந்தீர்கள். வேலைக்குக் கிளம்புமுன் கிணற்றடியில் நின்று, அவளுடைய புடவையின் ஒரு முனையைத் தூணில் கட்டி முறுக்குவீர்கள். பார்க்கிறவர்கள் பேசுவதைப் பொருட்படுத்தவில்லை. அதைப் பார்க்க நேரும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டர் கம்பி, வேலூர், பட்டறையில் சொன்ன பொய், எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் நான், "தான் செஞ்ச தப்புன்னு நெனச்சிதானேக்கா அவரு ஆயுசுக்கும் உனக்குத் துணி பிழிஞ்சாரு? அது நான் பட்டிருக்க வேண்டியது" என்றேன்.

அப்போதுதான் அவளுக்கு முகம் மாறியது.

"அது அவரு எம்மேல வெச்ச பிரியத்துல செஞ்சது. வண்டிய எடுத்துக்கினே, அவரு பேர எடுத்துக்கினே. இதையும் உன்னுதுன்னு எடுத்துக்காத."

பிறகு எழுந்துகொண்டே, "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? என் புள்ளைகிட்ட போய் சொல்லு. அவன்தான் அவரப் பாத்து சிரிச்சவன்" என்றாள்.

சொன்னேன். உங்கள் மகன் என்னைத் திட்டவில்லை. "அப்பா உயிரோட இருக்கும்போது சொல்லியிருந்தா, நான் அப்படிப் பேசியிருக்க மாட்டேனே மாமா" என்றான். அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வரவில்லை. அக்கா வருகிறாள். காபி குடிக்கிறாள். முன்பு போலப் பேசுவதில்லை.

அவர்கள் இருவரிடமும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், அதில் என் பக்கம் மட்டும் தெரியாது.

நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ஒரு பகலில் அக்கா சாப்பிடப் போயிருந்தாள். நாம் இருவர் மட்டும் இருந்தோம். இன்று சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்துத்தான் வந்திருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "மாமா, அந்த வண்டி..." என்று தொடங்கினேன். நீங்கள் கையைத் தூக்கி நிறுத்தினீர்கள். மூச்சு வாங்கியது.

"நானே சொல்லணும்னு இருந்தேன் மச்சான். நீதான் சென்னைக்குப் போயி எவ்ளோ ஆசையா ஓட்டிக்கினு வந்தே. ஒன் வயசுக்கு அது ஒன்கிட்ட புதுசா இருந்திருக்க வேண்டிய வண்டி. நான் கெடுத்து, ரிப்பேர் வண்டியா ஒன் தலையில கட்டிட்டேன். ஒரு நாள்கூட நீ அதச் சொல்லிக் காட்டல. மனசுல வெச்சிக்காத. என்னை மன்னிச்சிடு."

என் கையை நீங்களே பிடித்துக்கொண்டீர்கள். சொல்ல வேண்டியதெல்லாம் என் வாயில் இருந்தது. சொல்ல நேரமும் இருந்தது. அக்கா திரும்பி வர இன்னும் அரை மணி ஆகும்.

"அதெல்லாம் நான் மறந்துட்டேன் மாமா. பரவால்ல, விடுங்க" என்றேன்.

நீங்கள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.