கம்பஸ் வாசலில் எடுத்த படம்

அப்பா,

உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு முன்னர் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்று இன்று காலை முன்னறைச் சுவரிலிருந்த படங்களைக் கழற்றினேன். அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் என் படம் இருந்தது. பனிக்கால மேலங்கி போட்டுக்கொண்டு ஒரு பெரிய கல் கட்டடத்தின் வாசலில் நிற்கிறேன். நான் அனுப்பியதைப் பெருப்பித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தீர்கள். அந்தப் படம் எடுப்பதற்கென்றே அன்று இரண்டு பஸ் மாறி அங்கே போனேன். எடுத்து முடிந்ததும் திரும்பிவிட்டேன். அந்தப் பல்கலைக்கழகத்தில் அப்போது நான் படிக்கவில்லை, அப்பா.

ஊரில் உயர்தரப் பரீட்சை எழுதி, கொஞ்சப் புள்ளி வித்தியாசத்தில், கம்பஸ் என்று நீங்கள் சொல்லும் பல்கலைக்கழகம் எனக்குத் தவறிப்போனது உங்களுக்கு எவ்வளவு பெரிய அடி என்று எனக்குத் தெரியும். கல்முனை ரோட்டில் பஸ் கொண்டக்டராக இருந்த உங்களிடம் ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் எல்லோரும் என் பெறுபேற்றைத்தான் கேட்டார்கள். டிக்கட் கிழித்துக்கொடுத்துக்கொண்டே எல்லோருக்கும் நீங்கள் பதில் சொன்னீர்கள். பிறகு கலியாணம் முடித்து நான் கனடாவுக்குப் புறப்பட்டபோது, விமான நிலையத்தில் நீங்கள் சொன்னது ஒன்றுதான். "அங்கயாவது கம்பஸ் போயிரு புள்ள."

அங்கே தாதியர் படிப்புக்குள் நுழைவதற்கு முன்னர் இரசாயனம், உயிரியல், உடற்கூறு என்று சில பாடங்களை முடித்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம், கொமியூனிட்டி கொலிஜ் என்கிற சமூகக் கல்லூரியிலும் படிக்கலாம். நான் கல்லூரிக்குப் போனேன். வகுப்பில் ஆட்கள் குறைவு, என் தடுமாறும் ஆங்கிலத்தைப் பொறுமையாகக் கேட்க ஆசிரியருக்கு நேரம் இருந்தது. காலையில் முதியோர் இல்லத்தில் வேலை செய்துவிட்டுப் பின்னேரம் படிக்க முடிந்தது. பல்கலைக்கழகத்தில் வைத்த அதே புத்தகத்தைத்தான் எங்களுக்கும் வைத்தார்கள். அங்கே யாரும் அதைக் குறைவாக நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் கொலிஜ் என்றால் பள்ளிக்கூடம். கலியாணம் முடித்த மகள் திரும்பப் பள்ளிக்கூடம் போகிறாள் என்று நீங்கள் பஸ்ஸில் சொல்லவேண்டி வருமே என்று நினைத்தேன். அதனால் கம்பஸ் என்று சொன்னேன். நீங்கள் படம் கேட்டீர்கள்.

அதோடு நின்றிருந்தால் அது சின்னப் பொய்யாகவே போயிருக்கும். இரண்டு வருடத்தில் பாடங்களை முடித்து அதே பல்கலைக்கழகத்துக்குள் தாதியர் படிப்புக்குப் போனபோது, பொய் தானாக உண்மையாகிவிட்டதென்று நான் ஆறுதல்பட்டதும் உண்டு. ஆனால் அதற்கு முன்னரே நீங்கள் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தீர்கள்.

பக்கத்து வீட்டுப் பூமணி மாமியின் மகள் தர்மிகாவுக்குத் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அதை எடுப்பதா, விட்டுவிட்டு இன்னொருமுறை பரீட்சை எழுதிக் கம்பஸில் தாதியர் பட்டத்துக்கு முயற்சிப்பதா என்று மாமி உங்களிடம் வந்து கேட்டாவாம். நாளைக்குச் சொல்கிறேன் என்று அவவை அனுப்பிவிட்டு எனக்குப் போன் எடுத்தீர்கள்.

"நீ சொல்லு புள்ள. நீதானே கம்பஸ்ல படிக்கிற, உனக்குத்தானே தெரியும்."

கிடைத்த இடத்தை விடவேண்டாம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எந்த வாசலால் உள்ளே போனாலும் படிப்பு ஒன்றுதான் என்பதை ஒவ்வொரு நாளும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதைச் சொன்னால், அப்போ நீ ஏன் கம்பஸுக்குப் போனாய் என்று கேட்பீர்கள். பிறகு இன்னொரு பொய் சொல்ல வேண்டும். வேலைக்குப் போக எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"கம்பஸ்தான் நல்லம் அப்பா. ஒரு வருசம் போனா என்ன?"

நீங்கள் அதை மாமியிடம் சொன்னீர்கள். தர்மிகா இடத்தை விட்டாள். அடுத்த வருடம் அவளுக்குக் கம்பஸ் கிடைக்கவில்லை, அதற்கடுத்த வருடமும் கிடைக்கவில்லை. பயிற்சிக் கல்லூரியில் இருந்தும் திரும்ப அழைப்பு வரவில்லை. இதை நீங்கள் எனக்கு ஒரு வரியில்தான் சொன்னீர்கள். நான் "பாவம்" என்றேன்.

அம்மா போனபிறகு மாமி வீட்டிலிருந்துதான் வேலிக்கு மேலால் உங்களுக்கு மதியச் சாப்பாடு வரும். அது நின்றுபோனதை நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. "இப்ப நானே ஆக்கிச் சாப்பிடுறன், உடம்புக்கு அதுதான் நல்லம்" என்றீர்கள். நீங்கள் புதிதாகச் சமையல் பழகிவிட்டீர்கள் என்று நான் அங்கிருந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். உங்கள் செத்தவீட்டுக்கு வந்தபோதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமி படலையடியில் நின்று பார்த்துவிட்டுப் போனா. அவவுக்கு உடம்பு ஏலாதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன கிழமை தலையிடிக்குக் குளிசை வாங்க நம் ஊர்ப் பார்மசிக்குப் போனேன். மேசைக்கு அந்தப்பக்கம் தர்மிகா நின்றாள். கடையில் வேறு யாரும் இல்லை. நீங்கள் மாதாமாதம் பிரசர் குளிசைக்கு அங்கேதான் வருவீர்கள் என்று அவளே பேச்சைத் தொடங்கினாள். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவளை அங்கே முதன்முதலாகக் கண்ட அன்று, நீங்கள் மருந்துத் துண்டைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றீர்களாம்.

"கடை நிறைஞ்சு சனம் நிக்கக்கதான் மச்சாள் சொன்னவர். 'நான்தான் உனக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன், மன்னிச்சுக்க புள்ள' எண்டார். எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு."

நான் அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். கல்லூரி, படம், போனில் நான் சொன்ன வார்த்தை, எல்லாம். அவள் குளிசைகளை எண்ணி உறையில் போட்டு, உறையை மடித்து என் பக்கம் தள்ளினாள். கோபப்படவில்லை.

"அவர் இரிக்கக்க இதச் சொல்லியிருக்கலாமே மச்சாள்."

அன்று பின்னேரமே மாமி வீட்டுக்கும் போனேன். மாமி முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தா. நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை. முடிந்தபிறகு, "அந்த மனிசன் ஒரு நாளும் உன்ட பேர எடுக்கல்ல" என்றா. அவ்வளவுதான். பிறகு உள்ளே போய்விட்டா.

மகளைக் கேட்டுத்தான் சொன்னேன் என்று நீங்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தச் சாப்பாடு நின்றிராது. சொல்லவில்லை. என்னையும் ஒரு நாள் கேட்கவில்லை.

இப்போது அங்கே வார்ட்டில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் கல்லூரியின் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன். அது யாருக்கும் உதவாத உண்மை. தர்மிகாவிடமும் மாமியிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். தருவதும் தராததும் அவர்கள் இஷ்டம். ஆனால் அத்தனை சனத்தின் முன்னால் நீங்கள் கேட்டீர்களே, அந்த மன்னிப்பு நான் கேட்க வேண்டியது, அப்பா. அதை உங்களிடமிருந்து திரும்ப வாங்க எனக்கு இனி வழியில்லை. கனடாவுக்குத் திரும்பும்போது அதைத்தான் கொண்டு போகிறேன்.

உங்கள் மகள்