தலையில் வைத்த சூடு

என் மனைவி தகிய்யாவுக்கு சலாம். என் தம்பி முக்பில் தலைவலிக்கு மருந்தென்று என் தலையில் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டே ஒரு வருடத்தை வீணாக்கினான். அதை நான் மன்னிக்கவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

பதறாதே. இங்கே தலைநகர் சனாவில், தலைவலிக்குக் காரணமாயிருந்த மூளையுறைக் கட்டியை எடுத்துவிட்டார்கள். புற்று இல்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள ரொட்டிக்கடைக்காரர்கள் எல்லோரும் ரத்தம் கொடுத்தார்கள்; இறைவன் அவர்களை வாழ வைக்கட்டும். கட்டி இருந்த இடத்துக்கு நேர் மேலேயே இருந்த சூட்டுத் தழும்பைப் பார்த்து டாக்டர் சிரித்தார்.

“பெரியவரே, சூடு போட்டவர் சரியான கதவைத்தான் தட்டியிருக்கார். திறக்கத்தான் தெரியல. பொம்பளைங்களுக்குத்தான் இந்தக் கட்டி அதிகமா வருது.”

முக்பிலின் மனைவி நூரியாவுக்கும் தலைவலி, கண் மங்கல் என்று எழுதியிருந்தாய். அவளுக்குச் சூடு போடக் கூடாது. முக்பில் அவளை அடுத்த வண்டியிலேயே அழைத்து வரட்டும். ஆஸ்பத்திரி வாசலில் நான் நிற்பேன். என் கம்பளித் தொப்பியைக் கொடுத்தனுப்பு, மழித்த தலை குளிர்கிறது. அந்த இரும்பை நீயே கிணற்றில் போடு.

நாஜி