மேல்வீட்டுச் சத்தம்

பிடோக், சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ரஞ்சனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், சமையலறைச் சுவரும் இப்போது நலம். நீ மெல்பர்னில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இந்தக் கடிதத்தைப் படிக்கத் தொடங்கும்வரையாவது. இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். உட்கார்ந்து படி.

பிப்ரவரியில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது நினைவிருக்கும். சுவருக்குள்ளிருந்து கடகடவென்று அரை நிமிடம், அப்புறம் ஒன்றுமில்லை, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும். யாரும் குழாயைத் திறக்கவில்லை, அடுப்பு எரியவில்லை, அது பாட்டுக்குக் கடகட. உன் அப்பா துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர் இல்லையா, தனக்குத் தெரியாத சத்தமா என்று களத்தில் இறங்கிவிட்டார். எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் கவிழ்த்துக் காதை வைத்துக்கொண்டு நிற்பார், நான் கரண்டியை வைத்தால்கூட முறைப்பார். கேட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் பெருக்கல் குறி. ஒரே வாரத்தில் என் சமையலறை கணக்கு டீச்சர் திருத்திய நோட்டு மாதிரி ஆகிவிட்டது, எல்லாமே தப்பு. நான் மட்டும் என்ன பெரிய புத்திசாலி, தேக்கா மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போனவள் கோயிலில் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து சுவரோரம் வைத்தேன், பழம் காய்ந்ததுதான் மிச்சம். அப்பா எலி என்றார், காற்று என்றார், கடைசியில் அண்ணாந்து பார்த்தார்.

அண்ணாந்து பார்த்தால் அங்கே இருப்பது ஜரீனாவும் அவள் வீட்டுக்காரர் அப்துல் மஜீதும், இருபத்திரண்டு வருடப் பழக்கம். போன வருடம் பக்கவாதம் வந்ததிலிருந்து மஜீது வாக்கரை ஊன்றி வீட்டுக்குள்ளேயே நடந்து பழகிக்கொண்டிருந்தார், லேசாக டக் டக் என்று கேட்கும். அதுவும் இந்தக் கடகடவும் ஒன்றில்லை என்று காது இருக்கிற யாருக்கும் தெரியும். நீயோ வீடியோவில் பதினைந்து விநாடி கேட்டுவிட்டுத் தீர்ப்பே சொல்லிவிட்டாய். அடுக்குமாடி புளோக் வீட்டில் சத்தம் என்றால் எப்பவுமே மேல்வீடுதான், புளோக்கைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் புகாரை நான் எழுதித் தருகிறேன், அப்பா பெயரில் அனுப்பினால் போதும் என்றாய். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் தலையாட்டினேன். அப்பா கண்ணாடியைக்கூடப் போடாமல் பொத்தானை அழுத்தினார். அதில் ‘இன்கன்சிடரேட்’, அதாவது அடுத்தவரைப் பற்றி நினைக்காதவர்கள் என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தாய் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து மேலே மரியாதையாகவே பேசிவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து டக் டக் நின்றுவிட்டது, கடகட நிற்கவில்லை. அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, வேண்டுமென்றே செய்கிறார்கள் என்றார். லிஃப்டில் ஜரீனா வந்தால் இவர் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பார், நான் மார்க்கெட் பைக்குள் எதையோ தேடுவேன். வெட்கமில்லாமல் ஆறு வாரம் இப்படி ஓட்டினோம்.

போன செவ்வாய்க்கிழமை அப்பாவிடம் சொல்லாமல் பிளம்பர் மருதப்பனைக் கூப்பிட்டேன். அவர் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் கடகட வந்துவிட்டது. மனுஷன் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சிங்குக்குக் கீழே இருக்கிற கதவைத் திறந்து குனிந்து பார்த்து, இதை யார் வைத்தது என்று கேட்டார். நீதான், ராசா. பொங்கலுக்கு நீ அங்கிருந்தே ஆன்லைனில் வாங்கி ஆள் அனுப்பி மாட்டவைத்தாயே, அந்தத் தண்ணீர் ஃபில்டர். சில மணி நேரத்துக்கு ஒருமுறை அது தன்னைத் தானே கழுவிக்கொள்ளுமாம். அப்போது தண்ணீர் வெடுக்வெடுக்கென்று திறந்து மூட, சுவருக்குள் கிளிப் கழன்று கிடந்த குழாய் துள்ளியிருக்கிறது. பத்து நிமிடத்தில் குழாயை மூடியிருந்த பலகையைக் கழற்றிக் கிளிப்பை மாட்டினார், சத்தம் போயிற்று. அம்மா நேற்று நீ நாலு கிளாஸ்தான் குடித்தாய் என்று மெல்பர்னிலிருந்து போனைப் பார்த்துக் கணக்குச் சொல்கிறவன் நீ. அது கழுவிக்கொள்கிற நேரமும் அதே போனில் வருமாம், மருதப்பன் சொன்னார். நீ ஏன் பார்க்கவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை, நீயே கேட்டுக்கொள்.

மேலே போய் மன்னிப்புக் கேட்கலாம் வாருங்கள் என்றால் அப்பாவுக்கு முழங்கால் வலியாம். ஒரே ஒரு மாடி, அதற்கும் லிஃப்ட் இருக்கிறது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வாக்கர் மடித்துச் சுவரில் சாத்திவைத்திருந்தது, நாலு காலிலும் பழைய துண்டைக் கிழித்துச் சுற்றியிருந்தாள் ஜரீனா. அப்படிக் கட்டியும், கீழே கேட்கும் என்று மஜீது நடக்க மறுத்துவிட்டாராம். வாசல்வரை தனியாக வந்துகொண்டிருந்தவர் இப்போது நாற்காலியிலிருந்து எழவே அவள் பிடிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் எங்கள் வீட்டுக் குழாய்தான் என்று சொன்னேன். அதற்கு ஜரீனா, “தெரியும் அக்கா, எங்களுக்கும்தான் கேட்டுச்சு. ரெண்டு பேரும் தனியா இருக்கீங்க, பிள்ளையும் பக்கத்துல இல்ல, என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டோம் லா. உங்க புகாரு இவரு நடக்குறதப் பத்தின்னுதான் நெனச்சோம்” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

இப்போது அப்பா தினமும் ஐந்து மணிக்கு மேலே போய் மஜீதைக் காரிடாரில் நடக்க வைக்கிறார். நேற்று மூன்று வீடு தாண்டினார்கள். விட்டுப்போன ஆறு வாரம் முழுதாகத் திரும்பும் என்று பயிற்சி கொடுக்கும் பெண்ணும் உறுதி சொல்லவில்லை. மஜீது அப்பாவின் தோளைப் பிடித்துக்கொள்கிறார், ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அப்பாவும் பேசாமல் நடத்திக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டு வருகிறார். நீ ஓ லெவல் பரீட்சைக்குப் படித்த வருடம் முழுக்க அந்த வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் இடிகல்லைத் தொடவில்லை, தெரியுமா உனக்கு? நாம் கேட்கவில்லை, அவர்களாகவே செய்தது.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிர் ஆரம்பிக்கப் போகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஆண்டவன் உனக்கு நல்ல உடம்பையும் கொஞ்சம் பொறுமையையும் கொடுக்கட்டும். மஜீது வீட்டு நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இமெயில் அனுப்பாதே, கூப்பிடு, தமிழில் பேசு. அவருக்கு வார்த்தை வர நேரமாகும், நடுவில் ஓகே அங்கிள் என்று வைத்துவிடாதே. இன்னொன்று, அந்தப் புகாரை எழுதியது அப்பா என்றுதான் அவர்கள் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு நான் உன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், அப்பா என் காலை மிதித்துவிட்டார்.

உன் அம்மா,
சந்திரமதி மாணிக்கம்