திட்டு வாங்கிய கை

மார்ச் 4
வாண்டு இன்னொரு கண்ணாடி டம்ளரை உடைத்தாள். எட்டு வயதாகிறது, ஒரு டம்ளரைப் பிடிக்கத் தெரியவில்லை. திட்டினால் பொலபொலவென்று அழுகை, கூடவே மூஞ்சியைக் கோணிப் பழிப்புக் காட்டுகிறாள். கேட்டால், "நான் ஒண்ணும் பண்ணலம்மா." பண்ணவில்லையாம்! தூங்கும்போது மட்டும்தான் சமர்த்து.

மார்ச் 9
ஆய்வுக் கூட்டம். குழந்தைகளுக்கு வரும் ருமாட்டிக் காய்ச்சல், எங்கள் வட்டாரத்தில் போன வருடத்துக்கு இந்த வருடம் பாதியாகிவிட்டது. தொண்டை வலியில் ஆரம்பித்து இதயத்தில் போய் உட்காருகிற நோய். அதைக் கண்டுபிடித்துக் கணக்கு வைப்பது என் பொறுப்பு. "உங்க கண்ணுக்கு ஒரு பிள்ளையும் தப்பாது டாக்டர்" என்றார் மேலதிகாரி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 11
வாண்டின் நோட்டைப் பார்த்தேன். கையெழுத்தா அது? கோழிக் கிறுக்கல். திரும்ப எழுத வைத்தேன். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் வைத்தியம், நம்ம பிள்ளைக்கு மட்டும் வசவா?" என்றார் இவர். செல்லம் கொடுத்துக் கெடுப்பதே நீங்கள்தான் என்று அவருக்கும் விழுந்தது.

மார்ச் 18
செவிலியர்களுக்கு வகுப்பு. மூட்டு வலி இல்லாமலும் ருமாட்டிக் காய்ச்சல் வரும், கை கால் தன்னிஷ்டத்துக்கு ஆடும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். முகம் கோணும், பிடித்த பொருள் நழுவும், எழுத்துக் கோணும், சும்மாவே அழுவார்கள், தூக்கத்தில் எல்லாம் அடங்கிவிடும்...

வகுப்பை அத்தோடு நிறுத்தினேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து வாண்டிடம் இரண்டு விரலை நீட்டினேன். "இறுக்கிப் பிடி, விடக் கூடாது." பிடித்தாள், நழுவவிட்டாள், மறுபடி பிடித்தாள். பால் கறக்கிற கை மாதிரி. வகுப்புக்கு வகுப்பு நான் செய்து காட்டுகிற அதே பிடி.

அவளுக்கோ ஒரே குஷி. "கோவம் போயிடுச்சாம்மா?"

ஐயோ, என்ன பண்ணி வச்சிருக்கேன் நான். நானெல்லாம் ஒரு டாக்டர்!

மார்ச் 20
அவள் இதயத்தில் ஒரு வால்வு லேசாகக் கசிகிறது. இதய மருத்துவர் என்னோடு படித்தவர். "ஊசிய மாசாமாசம் விடாம போடு, கசிவ இத்தோட நிறுத்திடலாம். நடுவுல தொண்டை வலின்னு சொன்னாளா?"

சொன்னாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடச் சாக்கு என்று அனுப்பிவைத்தேன். அவரிடம், "ஞாபகம் இல்ல" என்றேன். வெட்கங்கெட்டவள்.

மார்ச் 21
கணக்கில் ஒரு குழந்தையைச் சேர்த்தேன்.

ஜூன் 14
ஆட்டம் அடங்கிவிட்டது. இன்று ஊசி போடும்போது என் விரலைப் பிடித்தவள் கடைசி வரை விடவில்லை. நன்றாக வலித்தது. வலிக்கட்டும்.

ஜூலை 2
மறுபடியும் வகுப்பு. பெற்றோரிடம் இனி ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கச் சொன்னேன்: "இந்தப் பிள்ளைய வீட்டுல எதுக்குத் திட்டுறீங்க?"

"இது எந்தப் புத்தகத்துல இருக்கு டாக்டர்?" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

"எங்க வீட்டுல" என்றேன். இந்த முறை பாதியில் நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தத் தொண்டை வலியையும் சேர்த்து.